எஞ்சின் இளைத்துவிட்டதா? வீட்டிலேயே அளந்து பார்க்கலாம்: கேள்வி பதில்

பாலிடெக்னிக் ஆய்வகத்தில் எஞ்சின் சோதனை கற்றுத்தந்தவன் என்ற முறையில், பம்புசெட்டும் ஜெனரேட்டரும் வைத்திருப்பவர்கள் கேட்டவற்றுக்குப் பதில் தருகிறேன். சத்தத்தைக் கேட்டு எஞ்சினை எடைபோடாதீர்கள். அளந்த எண் ஒன்று கையில் இல்லாமல் பட்டறைக்குப் பணம் கொடுக்காதீர்கள். இதுவே என் வேண்டுகோள்.

ஐயா, என் 163 சிசி பம்புசெட் முன்புபோல் இறைக்கவில்லை. கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அழுந்தும் அளவு) 60 பிஎஸ்ஐதான் காட்டுகிறது, சிலிண்டரைக் கடைந்து போர் போட வேண்டும் என்கிறார் மெக்கானிக். செய்துவிடலாமா? (ஒட்டன்சத்திரம்)

உடனே பிரிக்க விடாதீர்கள். இந்த அளவு நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின்கள் பலவற்றில், கயிறு இழுக்கச் சுலபமாக இருப்பதற்காகக் வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்டில் ஒரு சிறு நெம்பு வைத்திருப்பார்கள். மெதுவாகச் சுற்றும்போது அது எக்ஸாஸ்ட் வால்வைச் சற்றே திறந்து பிடித்திருக்கும். எஞ்சின் வேகமெடுத்ததும் விலகிக்கொள்ளும். நீங்கள் கயிற்றை இழுத்து கேஜைப் படிக்கும்போது காற்றில் ஒரு பகுதி அந்த வழியே போய்விடுகிறது. ஆகவே இந்த ஓர் எண்ணை நம்பி பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது என்று முடிவு கட்டமுடியாது.

முதலில் எஞ்சின் நன்றாக ஆறியபின் டேப்பெட் இடைவெளியை (வால்வுத் தண்டுக்கும் அதை அழுத்தும் நெம்புக்கும் நடுவே உள்ள சந்து) ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகட்டால் பாருங்கள். இவ்வகை எஞ்சினுக்கு இன்லெட் 0.15, எக்ஸாஸ்ட் 0.20 மில்லிமீட்டர் என்பது வழக்கம்; உங்கள் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதுவே சரி. இடைவெளி அற்றுப்போனால் வால்வு முழுதாக உட்காராது. அடுத்து, பிஸ்டனைக் கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கின் உச்சியில் நிறுத்தி, பிளக் துளை வழியே குறைந்த அழுத்தத்தில் காற்று செலுத்துங்கள். சைலன்சரில் சீறல் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு, கார்புரேட்டரில் கேட்டால் இன்லெட், ஆயில் ஊற்றும் வாயில் கேட்டால் ரிங். காற்று பிஸ்டனைத் தள்ளி அச்சைச் சுழற்றிவிடும். கை அருகில் இருக்கக்கூடாது.

குறை எஞ்சினில்தானா என்பதையும் பார்த்துவிடுங்கள். 200 லிட்டர் டிரம் நிரம்பும் நேரத்தைக் குறியுங்கள். மொத்தம் 10 மீட்டர் உயரத்துக்கு 30 வினாடியில் நிரம்பினால், தண்ணீருக்குப் போய்ச்சேர்ந்த திறன் ஏறத்தாழ 650 வாட். எஞ்சின் வேகம் குறையாமலே நிரம்பும் நேரம் கூடியிருந்தால், உறிஞ்சு குழாயில் காற்று இழுக்கிறதா, இம்பெல்லர் (பம்புக்குள் சுழலும் சக்கரம்) தேய்ந்திருக்கிறதா என்று தேடுங்கள்.

ஜெனரேட்டர் எவ்வளவு வாட் தருகிறது, எவ்வளவு பெட்ரோல் குடிக்கிறது என்று நானே அளக்க முடியுமா? (மதுரை)

நான் மிகவும் விரும்பும் சோதனை இது. 1000 வாட் வாட்டர் ஹீட்டர் ராடு, 10 லிட்டர் தண்ணீர் பிடித்த பிளாஸ்டிக் வாளி, ஒரு தெர்மாமீட்டர், ஒரு கடிகாரம் போதும். இஸ்திரிப் பெட்டி வேண்டாம்; அது சூடானதும் தானே நின்றுவிடும். சரியாக 8 நிமிடம் ஓட்டி, மின் இணைப்பைத் துண்டித்து, தண்ணீரைக் கலக்கியபின் வெப்பநிலையைப் பாருங்கள். ராடு ஓடும்போது வாளியில் கை வைக்கவே கூடாது. 11.5 டிகிரி ஏறியிருந்தால் முழு 1000 வாட்டும் வந்திருக்கிறது. 9 டிகிரிதான் என்றால் வந்தது 785 வாட் அளவே; மின்னழுத்தம் 230 வோல்ட்டிலிருந்து 204 வரை இறங்கியிருக்கும்.

அந்த 8 நிமிடத்தில் செலவான பெட்ரோலையும் அளவுக் குடுவையில் பாருங்கள். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலில் லிட்டருக்குச் சுமார் 30 மெகாஜூல் ஆற்றல் உண்டு. 100 மில்லி செலவானால் 3 மெகாஜூல் உள்ளே போய் 0.48 மெகாஜூல் மின்சாரமாக வந்திருக்கிறது. அதாவது 16 சதவீதம். பாதிச் சுமையில் ஓடும் சிறிய எஞ்சினுக்கு இது வருந்தத்தக்க எண் அல்ல. பெயர்ப்பலகையில் உள்ள சுமைக்கு அருகில் ஓட்டினால் இன்னும் கூடும்.

திறந்தவெளியில் மட்டும் ஓட்டுங்கள். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமே கிடையாது.

எஞ்சின் திறனை அளக்கக் கல்லூரியில் பார்த்த கயிற்று பிரேக்கை வீட்டில் செய்யலாமா? (கோவை மாணவர்)

தத்துவம் எளிது. பிரான்ஸின் பொறியாளர் புரோனி 1821-இல் அமைத்த பிரேக்கின் வழி வந்ததுதான். எஞ்சின் அச்சில் மாட்டிய டிரம்மைச் சுற்றிய கயிற்றின் இருமுனை இழுவிசைகளின் வேறுபாட்டை ஆரத்தால் பெருக்கினால் முறுக்குவிசை. 50 நியூட்டன் வேறுபாடு, கயிற்றின் பாதித் தடிமனையும் சேர்த்து 0.106 மீட்டர் ஆரம், நிமிடத்துக்கு 3000 சுற்று என்றால் சுமார் 1.67 கிலோவாட். ஆனால் தம்பி, அத்தனையும் அந்த டிரம்மில் வெப்பமாகிறது. ஒன்றரை ஹீட்டர் ராடுக்கும் மேல். தண்ணீர் ஊற்றி ஆற்றும் டிரம்மும் உறுதியான தடுப்பும் இல்லாமல் கயிறு கருகி அறுந்துவிடும். ஆசிரியர் துணையோடு ஆய்வகத்திலேயே செய்.

செல்போன் செயலி 1500 சுற்று என்கிறது, பிளக் ஒயரில் சுற்றும் மீட்டர் 3000 என்கிறது. எதை நம்புவது? (தஞ்சாவூர்)

நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் வெடிப்பு. 3000 சுற்றில் வினாடிக்கு 25 வெடிப்பு. செயலி அதையே சுற்று என்று எண்ணிவிட்டது. ஆனால் மேக்னெட் தரும் பிளக் பொறி பெரும்பாலும் ஒவ்வொரு சுற்றிலும் அடிக்கும். சுற்றுக்கு ஒரு பொறி என்று மீட்டரை அமைத்திருந்தால் அதையே நம்பலாம்.

வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரைக் கழற்றினால் திறன் கூடுமா? (சேலம்)

வேண்டவே வேண்டாம். வேகம் வரம்பு மீறினால் கனெக்டிங் ராடு முறியும், ஃப்ளைவீலும் சிதறலாம்.

மேட்டுப்பாளையத்தில் நன்றாக ஓடிய பம்பு, ஊட்டித் தோட்டத்தில் திணறுகிறது. பிளக்கும் கறுக்கிறது. (ஊட்டி)

எஞ்சின்மேல் பழி இல்லை. ஊட்டி 2240 மீட்டர் உயரம். 300 மீட்டருக்குச் சுமார் 3.5 சதவீதம் என்று திறன் குறைந்துகொண்டே போகும். அங்கே கால்வாசி போய்விடும். காற்று மெலிந்தும் கார்புரேட்டர் பெட்ரோலை அதற்கேற்பக் குறைப்பதில்லை, அதனால்தான் கரி. கார்புரேட்டரில் ஒருபடி சிறிய மெயின் ஜெட் (பெட்ரோல் வரும் துளை) போட்டுப் பிளக்கைப் பாருங்கள். இளம் பழுப்பு நிறத்துக்கு வந்தால் சரி. போன கால்வாசி முழுதாகத் திரும்பாது. கீழே கொண்டுவரும் நாளில் பழைய ஜெட்டை மாட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் பெட்ரோல் போதாமல் எஞ்சின் சூடேறிக் கெடும்.