உப்புத் தண்ணீரும் வீட்டுச் சாமான்களும்: கேள்வி பதில்

கே: டிடிஎஸ் மீட்டர் 850 காட்டுகிறது சார். எங்கள் தண்ணீர் எவ்வளவு கடினம்?

ப: அந்த எண்ணை வைத்துச் சொல்ல முடியாது. டிடிஎஸ் என்பது தண்ணீரில் கரைந்திருப்பவற்றின் மொத்த அளவு. ஆனால் மீட்டர் நேராக அளப்பது மின்சாரம் கடத்தும் திறனை. கரைந்திருப்பது சாதாரண உப்பா, சுண்ணாம்பா என்று அதற்குத் தெரியாது. கடினத்தன்மைக்குக் காரணம் கால்சியமும் மக்னீசியமும்தான். அதற்கென்று சொட்டுச் சோதனைப் பெட்டி கிடைக்கும். நிறங்காட்டியைப் போட்டதும் தண்ணீர் திராட்சைச் சாறு போலச் சிவக்கும். பிறகு பெட்டியிலுள்ள கரைசலைச் சொட்டுச் சொட்டாக எண்ணி விட்டுக் குலுக்குங்கள். ஊதாவானதும் பலர் நிறுத்திவிடுகிறார்கள், அங்கேதான் கணக்கு தப்பாகிறது. சிவப்புச் சாயல் துளியும் இல்லாமல் நீலமாக வேண்டும். கடைசி நாலைந்து சொட்டுகளைச் சில விநாடி இடைவெளி விட்டு விடுங்கள். கால்சியம் கார்பனேட் கணக்கில் லிட்டருக்கு 60 மி.கி. வரை மென்னீர். 120-ஐத் தாண்டினால் கடினம், 180-க்கு மேல் மிகக் கடினம்.

கே: கீசர் போட்டால் படபடவென்று சத்தம் வருகிறது. வெந்நீரும் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது.

ப: காயிலின் மேல் சுண்ணாம்பு ஓடு கட்டியிருக்கும். அதற்கடியில் சிக்கிய தண்ணீர் கொதித்து வெடிக்கும் சத்தம் அது. தொட்டியின் அடியில் விழுந்த சில்லுகள் இடத்தை அடைத்துக்கொள்வதால் வெந்நீரும் குறைகிறது.

மின்சாரத்தை எம்சிபியிலேயே நிறுத்துங்கள், சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. தொட்டி ஆறியதும் தண்ணீர் வரும் வால்வை மூடி, முழுக்க வடித்துவிட்டு, அடித்தட்டைக் கழற்றிக் காயிலை வெளியே எடுங்கள். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் 50 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்து ஊறவையுங்கள். ஒயர் முனைகள் நனையக் கூடாது. கொதிக்கும் நீரில் செய்தால் கால்சியம் சிட்ரேட் வெள்ளையாகப் படிந்து வேலையைக் கெடுக்கும். தொட்டிக்குள் இரும்புக் கம்பி விட்டுச் சுரண்டினால் உள்பூச்சு பெயர்ந்து துரு பிடிக்கும், மரக்குச்சி போதும். தொட்டியைத் துருவிலிருந்து காக்கும் மக்னீசியக் கம்பி கரைந்து நடுக்கம்பி தெரிந்தால் மாற்றுங்கள். கேஸ்கெட்டும் புதிதாக இருக்கட்டும். வெந்நீர்க் குழாயில் தண்ணீர் சீராக வந்த பிறகே மின்சாரம் கொடுங்கள். இனி 55 டிகிரியைத் தாண்டி வைக்காதீர்கள், சூடு ஏற ஏறப் படிவும் கூடும்.

ஒரு எச்சரிக்கை: எந்த அமிலத்தையும் பிளீச்சிங் பவுடரோடு சேர்க்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பும்.

கே: டிடிஎஸ் 600. சாஃப்ட்னர் (கடினத்தை நீக்கும் கருவி) தேவையா?

ப: முதல் பதிலைப் பாருங்கள்.

கே: சொட்டுச் சோதனையில் 500 வந்தது. 25 லிட்டர் ரெசின் உள்ள சாஃப்ட்னர் எத்தனை நாள் தாங்கும்?

ப: அளந்துவிட்டுக் கேட்டதற்கு நன்றி, இனி கணக்குப் போடலாம். ரெசின் என்பது கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும் சிறு மணிகள். ஒரு லிட்டர் ரெசின் சுமார் 50 கிராம் கடினத்தைப் பிடிக்கும். 25 லிட்டர் என்றால் 1,250 கிராம். உங்கள் தண்ணீரில் லிட்டருக்கு அரை கிராம் இருப்பதால் 2,500 லிட்டர் வரை வரும். நாளுக்கு 500 லிட்டர் செலவானால் ஐந்து நாள். ரெசின் மறுபடி வேலை செய்ய, நான்காம் நாளே உப்புக் கரைசல் விட்டுவிடுங்கள். 3 கிலோ உப்பை 27 லிட்டர் தண்ணீரில் கரைத்து அரை மணி நேரம் மெதுவாக ஓடவிட்டு, உப்புக் கரிப்பு போகும்வரை அலச வேண்டும். தண்ணீரில் இரும்பு இருந்தால் முதலில் அதை வடிகட்டுங்கள். இல்லாவிட்டால் ரெசின் செம்மண் நிறமாகிச் செத்துவிடும். கடினம் 100 குறையும்போது லிட்டருக்கு 46 மி.கி. சோடியம் ஏறும். அதனால் செடிக்கும் குடிக்கவும் வேறு குழாய் வையுங்கள்.

கே: சாஃப்ட்னர் போட்ட பிறகும் டிடிஎஸ் குறையவில்லை. ஏமாற்றிவிட்டார்களா?

ப: இல்லை. கால்சியம் போய் அந்த இடத்தில் சோடியம் வருகிறது, கரைந்த உப்பின் அளவு ஏறக்குறைய அதேதான். இதற்கும் சொட்டுச் சோதனைதான்.

கே: இத்தனை பாடு எதற்கு? குழாயில் காந்தம் மாட்டினால் போதும்.

ப: காந்தம் கால்சியத்தை வெளியே எடுக்காது. மாட்டுவதற்கு முன்னும் பின்னும் அளந்து பாருங்கள், ஒரே எண்தான் வரும்.

கே: காந்தக்காரன்தான் மறுபடியும். எடுக்கும் என்று நான் சொல்லவில்லை. கல்லாக ஒட்டாமல் தூளாக விழும் என்கிறேன். எங்கள் கெட்டிலில் அப்படித்தான் இருக்கிறது.

ப: வாதம் நியாயமானது. ஆய்வுகளிலும் முடிவுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. ஆனால் ஒரே கெட்டிலைப் பார்த்து முடிவுகட்ட முடியாது. ஒரே மாதிரி இரண்டு கெட்டில் எடுத்து எடை போடுங்கள். ஒன்றில் காந்தம் வழியாக வந்த தண்ணீர், மற்றதில் சாதாரணத் தண்ணீர். தலா ஒரு லிட்டரை இருபது முறை கொதிக்கவைத்துக் கொட்டி, காயவைத்து மறுபடி எடை பாருங்கள். கொதித்தால் படியும் கடினம் 300 இருந்தால், ஒட்டக்கூடியது அதிகபட்சம் 6 கிராம். சமையலறைத் தராசு போதும்.

கே: அந்த அளவு வித்தியாசம் வந்தால் ஒப்புக்கொள்வீர்களா?

ப: கெட்டில்களை இடம் மாற்றியும் அதே வித்தியாசம் வந்தால், உங்கள் தண்ணீருக்கு ஒப்புக்கொள்வேன். சோப்பு நுரைக்காததும் துணி விறைப்பதும் அப்போதும் தீராது, கால்சியம் உள்ளேதானே இருக்கிறது.

கே: துணி விறைப்புக்கு?

ப: சலவைச் சோடா. கடினம் 300 உள்ள 50 லிட்டருக்கு 16 கிராம், சோப்புக்கு முன்னால். பட்டுக்கும் கம்பளிக்கும் ஆகாது.

கே: டிடிஎஸ் 1,100...

ப: முதல் பதில்.

கே: குளியலறைக் கறைக்கு ஆசிட் ஊற்றிய கையோடு பிளீச்சிங் பவுடரும் போட்டுவிட்டேன். கண் எரிகிறது, இருமல் வருகிறது.

ப: உடனே வெளியே வாருங்கள். கழுவிவிட உள்ளே போகாதீர்கள், மற்றவர்களையும் விடாதீர்கள். திறந்தவெளிக்குப் போய்க் கண்ணைச் சுத்தமான நீரால் 15 நிமிடம் கழுவுங்கள். இருமல் நிற்காவிட்டாலோ மூச்சு இறுகினாலோ மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். என்னென்ன கலந்தது என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.