கல்சட்டியும் கரடிச் சிற்பமும்

கேள்வி: கனடாவில் இருக்கும் என் மகன், வடதுருவப் பகுதிப் பழங்குடியான இனுவிட் இனச் சிற்பி ஒருவர் செதுக்கியதாகக் கரும்பச்சை நிறக் கல்கரடி ஒன்றை அனுப்பியிருக்கிறான். எங்கள் வீட்டுக் கல்சட்டியும் இதுவும் ஒரே மாக்கல்தானா? கையால் செதுக்கியதுதான் என்று எப்படி அறிவது?
— வாசகி, அம்மாபேட்டை, சேலம்.

பதில்: ஒரே கல்லாக இருக்க வாய்ப்புக் குறைவு, அம்மா. கடைகளில் எல்லாவற்றையும் மாக்கல் என்றே விற்றாலும், கரும்பச்சை நிறத்தில் வருவது பெரும்பாலும் செர்பன்டைன் என்ற, மாக்கல்லைவிடக் கடினமான வேறு கல். எண்ணெய் ஏறாத புதுக் கல்சட்டியை நகத்தால் கீறினால் மாவுபோல் வெள்ளைக் கோடு விழும். செர்பன்டைனில் நகம் பதியாது. மாக்கல், செர்பன்டைன், சேர்வராயன் மலையடிவாரத்து வெள்ளைக்கல் மூன்றிலும் மெக்னீசியம் மிகுதி என்பதால், அவற்றைப் பங்காளிகள் எனலாம்.

ஆனால் இனுவிட் மக்களுக்கும் கல்சட்டி உண்டு. சூட்டில் வெடிக்காமல் நெடுநேரம் ஆறாமலிருக்கும் மாக்கல்லைக் குடைந்து சமையல் பானையும், குல்லிக் என்ற பிறை வடிவ விளக்கும் செய்தார்கள். சீல் என்ற கடல்விலங்கின் கொழுப்பை உருக்கி, பாசியைத் திரியாக இட்டு எரித்த அந்த விளக்குதான், மரமே முளைக்காத அந்நாட்டில் வெளிச்சம், அடுப்பு, ஈர உடையை உலர்த்தும் கணப்பு எல்லாமாக இருந்தது.

வெளியாருக்கு விற்பதற்கென்றே கற்சிற்பம் செய்வது பெருகியது பின்னர்தான். 1948இல் இனுக்ஜுவாக் என்ற இனுவிட் ஊருக்குச் சென்ற ஓவியர் ஜேம்ஸ் ஹூஸ்டன் கொண்டுவந்த சிற்பங்களைப் பார்த்து, மான்ட்ரியல் கைவினைச் சங்கம் 1949இல் நடத்திய விற்பனையில் அனைத்தும் சில நாட்களில் தீர்ந்துவிட்டன. இக்கலையை அவரே கண்டுபிடித்ததுபோல் எழுதுவோரோடு எனக்கு உடன்பாடில்லை. தந்தத்திலும் எலும்பிலும் செதுக்கும் வழக்கம் அங்கே மிகப் பழையது. கின்கைட் என்ற ஊரின் பவுட்டா சைலா, கனத்த கரடியை ஒற்றைக் காலில் ஆடவிட்டவர். அவ்வூரின் ஓசுயிடோக் இபீலி, மெலிந்த கால்களில் மான்களை நிறுத்தியவர். நம் கல்சட்டியைக் கடைசலில் சுழற்றி எடுப்பதுபோல் இச்சிற்பங்களை எடுக்க முடியாது. கோடரி, அரம், இன்று மின்சாரக் கிரைண்டர் என்று ஒவ்வொரு பக்கமாகவே குறைத்து வரவேண்டும்.

தங்கள் கரடியைக் கவிழ்த்துப் பாருங்கள். முக்கோணமும் கொக்கியுமான இனுவிட் எழுத்துகளில் சிற்பியின் கையொப்பம் கீறப்பட்டிருக்கலாம். 1958 முதல் கனடா அரசு வழங்கிய, பனிவீட்டுச் சின்னம் பொறித்த சீட்டு உடன் வந்ததா என்று மகனிடம் கேளுங்கள். செயற்கைப் பிசினில் வார்த்த போலியாக இருந்தால் எடை குறைந்திருக்கும். கல்லின் சில்லிப்பும் இராது.

கல்சட்டியைப் பழக்குவதுபோல் கரடிக்கு மஞ்சளும் விளக்கெண்ணெயும் பூசிவிட வேண்டாம். உலர்ந்த மென்துணியால் துடைத்தாலே போதும்.