செப் ஹெர்பெர்கர்: கேட்டவை, சொன்னவை

கேள்வி: ஹெர்பெர்கர் என்றாலே, பயிற்சியாளராக மேற்கு ஜெர்மனிக்கு வென்று கொடுத்த 1954 கால்பந்து உலகக் கோப்பைதான். ஆட்டக்காரராக எப்படி?

பதில்: கெட்டிக்காரர்தான், ஆனால் தேசிய அணிக்கு மூன்றே ஆட்டம். 1897இல் மன்ஹைமின் தொழிலாளர் பகுதியான வால்ட்ஹோஃபில் பிறந்த முன்கள வீரர். 1921இல் ஹெல்சின்கியில் பின்லாந்துக்கு எதிராக முதல் ஆட்டத்திலேயே இரண்டு கோல். ஆட்டம் 3-3. அந்த இரண்டோடு கணக்கு முடிந்தது. வேடிக்கை என்னவென்றால், பயிற்சியாளராக அவருடைய கடைசி ஆட்டமும் அதே ஹெல்சின்கியில், அதே பின்லாந்தோடுதான்.

கேள்வி: தடை விதித்தார்களாமே?

பதில்: ஆமாம். அன்று ஜெர்மனியில் பணத்துக்குப் பந்து ஆடக் கூடாது. இவர் கிளப் மாறும் நேரத்தில் கை நீட்டி மாட்டிக்கொண்டார். முதலில் வாழ்நாள் தடை, பிறகு ஓராண்டாகக் குறைத்தார்கள். அப்புறம் வி.எஃப்.ஆர். மன்ஹைம் கிளப், 1926இல் பெர்லினின் டென்னிஸ் பொருசியா கிளப். பெர்லினுக்குப் போனதுதான் திருப்பம். அங்கே உடற்கல்விக் கல்லூரியில் படித்தார். ஆசான், தேசிய அணிப் பயிற்சியாளர் ஓட்டோ நெர்ஸ்.

கேள்வி: ஆசானின் நாற்காலி எப்படிக் கிடைத்தது? நாஜியா அவர்?

பதில்: 1936 ஒலிம்பிக்கில், ஹிட்லர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நார்வேயிடம் 0-2. நெர்ஸின் இடம் இவருக்கு வந்தது. 1933லேயே கட்சியில் சேர்ந்தவர், அதை மழுப்ப வேண்டியதில்லை. 1938இல் ஆஸ்திரியாவை ஜெர்மனி இணைத்துக்கொண்டதும், ஆஸ்திரியர்களையும் ஜெர்மானியர்களையும் கலந்து இறக்கும்படி மேலிடத்து உத்தரவு. ஆட்டம் ஒட்டவே இல்லை. உலகக் கோப்பையில் சுவிட்சர்லாந்திடம் மறு ஆட்டத்தில் 2-4, முதல் சுற்றோடு மூட்டை கட்டினார்கள்.

கேள்வி: 1954இல் ஹங்கேரியிடம் 3-8 என்று வேண்டுமென்றே தோற்றாரா?

பதில்: ஜெயிக்க மெனக்கெடவில்லை என்பேன். துருக்கியை ஏற்கெனவே 4-1 என்று வென்றாயிற்று. ஹங்கேரியிடம் தோற்றாலும் துருக்கியோடு இன்னொரு ஆட்டம் கிடைக்கும், கோல் வித்தியாசம் கணக்கில் வராது. எனவே முக்கிய ஆட்கள் பலரை உட்கார வைத்தார். ஊரே திட்டித் தீர்த்தது. துருக்கியை மறுபடி 7-2 என்று அடித்ததும் கணக்கு சரியானது. அந்த 3-8 ஆட்டத்தில்தான் ஜெர்மன் தடுப்பாட்டக்காரர் லீப்ரிஷ் மோதியதில் ஹங்கேரி கேப்டன் புஷ்காஷின் கணுக்கால் அடிபட்டது. இறுதி ஆட்டத்தில்தான் அவர் திரும்பி வந்தார்.

கேள்வி: அந்த இறுதி ஆட்டம்? மழைதான் ஜெயித்ததா?

பதில்: ஜூலை 4, பெர்ன். எட்டே நிமிடத்தில் ஹங்கேரி 2-0. பதினெட்டாவது நிமிடத்தில் 2-2! மழை கொட்டியது. ஈரத்தில் நன்றாக ஆடும் ஜெர்மன் கேப்டன் ஃபிரிட்ஸ் வால்டருக்கு அது வாய்ப்பாகப் போனது. அடிடாஸ் நிறுவனர் அடி டாஸ்லர் செய்த பூட்ஸில் அடிக்குமிழ்களைத் திருகிக் கழற்றி, சேற்றுக்கு ஏற்ற நீளமானவற்றை மாட்டலாம். சரி, அது உதவியது. ஆனால் 84ஆவது நிமிடத்தில் இடது காலால் ஜெர்மன் முன்கள வீரர் ரான் அடித்த வெற்றிக் கோலை பூட்ஸ் கணக்கில் எழுத எனக்கு மனம் வராது.

கேள்வி: அதற்குப் பிறகு?

பதில்: 1958இல் நான்காம் இடம், 1962இல் காலிறுதியோடு சரி. 1964இல் ஹெல்முட் ஷோனிடம் பொறுப்பைக் கொடுத்தார். ஷோன் இவரிடம் ஆடியவர்தான்: 16 ஆட்டத்தில் 17 கோல்.