வாசகர் கேள்வி பதில்: புரதங்களை அடுக்குவது யார்?

கேள்வி: புரதங்கள் எவருடைய உதவியும் இன்றித் தாமாகவே ஒன்றுகூடி ஒழுங்கான அமைப்புகளை உருவாக்குகின்றன என்று படித்தேன். ஆனால் ஒழுங்கின்மையே கூடிச் செல்லும் என்கிறது வெப்பவியக்கவியலின் இரண்டாம் விதி. இவ்விரண்டும் எப்படிப் பொருந்தும்?
– உயர்தர மாணவி, உப்புவெளி, திருகோணமலை

பதில்: விதியும் சரி, நீங்கள் படித்ததும் சரி. கணக்கில் விடுபட்டிருப்பது நீர். புரதத்தின் மேற்பரப்பில் எண்ணெயைப் போல நீரோடு ஒட்டாத பகுதிகள் உள்ளன. அவற்றைச் சூழ்ந்திருக்கும் நீர் மூலக்கூறுகள், தமக்கிடையிலான ஐதரசன் பிணைப்புகளை இழக்காதிருக்க, ஓரளவு கட்டுப்பட்டே நிற்க வேண்டியிருக்கிறது. இரண்டு புரதங்களின் அத்தகைய பகுதிகள் ஒன்றோடொன்று பொருந்தும்போது, இடையில் நின்ற நீர் விடுபட்டு வெளியேறி விரும்பியபடி அலைகிறது. புரதங்கள் இழந்த சுதந்திரத்தைவிட நீர் பெற்ற சுதந்திரம் பெரிதாக இருந்தால், மொத்த எந்திரப்பி, அதாவது ஒழுங்கின்மையின் அளவு, கூடுகிறது; அமைப்பும் உருவாகிறது.

இதற்கு மிக அழகான சான்று புகையிலைச் செடியைத் தாக்கும் மொசெய்க் வைரசு. 158 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரே வகைப் புரதத்தின் ஏறத்தாழ 2130 பிரதிகள், வைரசின் மரபுத் தகவலைத் தாங்கும் ஓர் ஆர்.என்.ஏ. இழையைச் சுற்றிச் சுருளாக அடுக்கப்பட்டு, 300 நனோமீற்றர் நீளமான கோலாக அது அமைந்திருக்கிறது. 1955ஆம் ஆண்டு கலிபோர்னியாவின் பேர்க்லியில் பிரெங்கல்-கொன்ராற், வில்லியம்ஸ் ஆகிய இருவரும் புரதத்தையும் ஆர்.என்.ஏ.யையும் தனித்தனியே பிரித்தெடுத்து மீண்டும் கலந்தபோது, நோயைத் தொற்றவைக்கக்கூடிய கோல்கள் மறுபடி உருவாயின. அந்தப் புரதத்தை மட்டும் தனியே எடுத்து, உரிய அமிலநிலையில் இளஞ்சூடாக்கினால் அது ஒன்றுசேர்கிறது, குளிரவைத்தால் பிரிகிறது. வெப்பநிலை கூடக்கூட எந்திரப்பியின் பங்கு ஓங்கும்; எனவே எந்திரப்பியே இந்தச் சேர்க்கையை நடத்துகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டியதில்லை.

உங்கள் வீட்டிலேயே காணக்கூடியது, கிண்ணியா, மூதூர்ப் பக்கத்திலிருந்து வரும் எருமைத் தயிர்ச் சட்டி. பாலில் கேசின் என்னும் புரதத்தின் ஆயிரக்கணக்கான மூலக்கூறுகள், நுண்ணிய கல்சியம் பொசுபேற்றுத் துணிக்கைகளோடு சேர்ந்து உருண்டைகளாக மிதக்கின்றன. வைரசின் துல்லியமான அடுக்கு இவற்றில் இல்லை. இது சற்றுத் தளர்வான கூட்டு. ஒவ்வோர் உருண்டையின் மேலும் மறை மின்னேற்றமுள்ள புரத இழைகள் மயிர்போல நீட்டிக்கொண்டிருப்பதால் அவை ஒன்றையொன்று நெருங்குவதில்லை. பாலில் இடும் உறைத் தயிரிலுள்ள பக்ரீரியாக்கள் லக்டிக் அமிலத்தை உண்டாக்க, அமிலம் கூடக் குறையும் பீ.எச் பெறுமானம் 6.7 அளவிலிருந்து 4.6ஐ நோக்கி இறங்குகிறது. ஏற்றம் அழிகிறது, இழைகள் மடிகின்றன, கல்சியம் பொசுபேற்று கரைகிறது, உருண்டைகள் ஒட்டி வலையாகின்றன. உறைத் தயிரே பாலுக்கு அச்சாக அமைகிறது என்று பலர் எண்ணுகிறார்கள். அது தருவது அமிலத்தை ஆக்கும் உயிர்களை மட்டுமே. கரண்டியால் ஒரு துண்டை வெட்டியெடுத்தால் வெட்டிய முகம் சுவர்போல நிற்கும்; சற்று நேரத்தில் அந்தக் குழியில் தெளிந்த நீர் ஊறும். வலை தன்னை மேலும் இறுக்கிக்கொண்டு, தான் பிடித்துவைத்திருந்த நீரை வெளியே தள்ளுகிறது. பாலை முதலில் நன்றாகக் காய்ச்சும் வழக்கத்திலும் வேதியியல் இருக்கிறது: 70 பாகை செல்சியசுக்கு மேல் பாலின் வேறு சில புரதங்கள் விரிந்து, கந்தகப் பிணைப்புகளால் கேசினோடு இணைவதால் தயிர் கெட்டியாகிறது.

பாலைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கும்போது கேசினின் ஒரு வகை உருண்டைகளை விட்டுக் கழன்று நீரில் கலக்கிறது. சூடாக்கினால் பெரும்பகுதி திரும்பிவிடுகிறது. நீரோடு ஒட்டாத பகுதிகளை ஒன்றுசேர்க்கும் நீர்வெறுப்பு விசை குளிரில் தளர்வதே இதற்கும் காரணம்.

கேள்வி: அப்படியானால் ஜெலி மட்டும் ஏன் குளிரில் உறைகிறது?
– அதே மாணவி

பதில்: நல்ல மறுகேள்வி. ஜெலியை உறையவைக்கும் ஜெலற்றின் என்பது தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜன் என்னும் புரதத்தின் சிதைந்த வடிவம். கொலாஜனில் மூன்று இழைகள் கயிறுபோல முறுக்கிக்கொள்கின்றன என்பதை 1954இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் முன்வைத்தார்கள். கொதிநீரில் அவிழ்ந்த அந்த இழைகள் குளிரும்போது ஆங்காங்கே மீண்டும் முறுக்கிக்கொள்கின்றன. இங்கே பிடித்துவைப்பவை பெரும்பாலும் ஐதரசன் பிணைப்புகள். அவை உருவாகும்போது வெப்பம் வெளியேறுவதால், குளிர் அவற்றுக்குச் சாதகமாகிறது. ஜெலியை வெயிலில் வைத்தால் உருகுவதும் அதனாலேயே.