நாலாவது சுற்றில் பஞ்சாகும் பிரேக் – டிராக் கார் கேள்வி பதில்

வாசலில் ஜாக்கி போட்டு, தன் கையாலேயே காரை ரேஸ் டிராக்குக்குத் தயார் செய்பவர்களின் கேள்விகள் இந்த இதழில். குதிரைசக்தி கூட்டுவது பற்றித்தான் பாதிப் பேர் கேட்டிருந்தார்கள். அதில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்ற இடத்தில் பெரும்பகுதியைக் கொதிக்கும் பொருள்களுக்கு ஒதுக்கியிருக்கிறோம்.

என்னுடையது 2020 போலோ 1.0 டி.எஸ்.ஐ., மேனுவல் கியர். இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் நாலாவது சுற்றில் பிரேக் மிதி பஞ்சு மாதிரி அமுங்கிவிட்டது. அரைமணி நேரம் நிறுத்தி வைத்ததும் சரியாகிவிட்டது. பெரிய டிஸ்க் மாற்ற வேண்டுமா?
– அம்பத்தூர் வாசகர்

வேண்டாம். உங்கள் பிரேக் ஆயில் கொதித்திருக்கிறது. ஆயில் கொதித்தால் ஆவிக்குமிழி உண்டாகும். திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். அதனால்தான் மிதி இறங்கியது. ஆறியதும் ஆவி திரும்பத் திரவமானது, மிதியும் மேலே வந்தது. மிதி கல் மாதிரி உறுதியாக இருந்தும் கார் நிற்காமல் போயிருந்தால் குற்றம் டிஸ்க்கைப் பிடிக்கும் பிரேக் பேடில். முதல் மிதியில் ஆழமாகப் போய், உடனே இரண்டாம் முறை மிதித்ததும் சரியானால் வீல் பேரிங் ஆட்டம் அல்லது டிஸ்க் கோணலைப் பாருங்கள். காலுக்குத் தெரியும் இந்த மூன்றையும் பிரித்துச் சொல்லாமல் வொர்க்‌ஷாப்பில் ‘பிரேக் சரியில்லை’ என்றால், கைக்குக் கிடைத்ததை மாற்றித்தான் கொடுப்பார்கள்.

ஒரு கணக்கு பாருங்கள். ஓட்டுநரோடு 1,150 கிலோ இருக்கும் கார் 150 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 80-க்கு இறங்கும்போது பிரேக்குகளில் சேரும் வெப்பம், ஏறக்குறைய இரண்டரை லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிக்க வைக்கும் அளவு. இருங்காட்டுக்கோட்டையின் 3.717 கிலோமீட்டர் சுற்றில் இது பல முறை நடக்கிறது. டாட் 4 என்ற தர வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை தாங்க வேண்டும் என்பது விதி. அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் சரக்கு. 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் விதி கேட்பதே 155 டிகிரிதான். இரண்டு வருடமாக மாற்றாத ஆயிலோடு போனால் நாலு சுற்று தாங்கியதே அதிகம்.

ரேஸ் வகை டாட் 4 (புதிதில் 300 டிகிரிக்கு மேல் தாங்குவது) ஒரு லிட்டர் வாங்குங்கள். சீல் உடைத்த பாட்டிலை அடுத்த மாதத்துக்கு எடுத்து வைக்காதீர்கள். டாட் 5 என்று மட்டும் எழுதியிருந்தால் தொடாதீர்கள், அது சிலிக்கான், மற்றதோடு சேராது. டாட் 5.1 வேறு, அது சேரும்.

பிரேக் ஆயில் கிண்ணத்தில் இருக்கும் பழைய ஆயிலை ஊசி போடும் சிரிஞ்சால் உறிஞ்சிவிட்டுப் புதியதை ஊற்றுங்கள். சக்கரத்தின் பிரேக்கில் ஆயிலை வெளியே விடும் நிப்பிளில் ரிங் ஸ்பேனரை முதலில் மாட்டி, அதன்மேல் நிறமற்ற டியூபைச் சொருகி, டியூபின் மறுமுனை கொஞ்சம் ஆயில் ஊற்றிய பாட்டிலுக்குள் மூழ்கியிருக்கும்படி வையுங்கள். உள்ளே இருப்பவர் மிதியை மெதுவாக அழுத்தி ‘ம்’ என்றதும் நிப்பிளைக் கால் சுற்று திறந்து, மிதி கீழே போய் நிற்பதற்கு முன்பே மூட வேண்டும். மூடிய பிறகுதான் காலை எடுக்கலாம். இந்த வரிசை ஒருமுறை பிசகினால் காற்று உள்ளே போய்விடும். மிதிக்கு அடியில் ஒரு மரக்கட்டையைப் போட்டு வையுங்கள். மிதியின் அழுத்தத்தை ஆயிலுக்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டரில், பிஸ்டன் வழக்கமாகப் போகாத கடைசிப் பகுதி அழுக்கோ அரிப்போ ஏறி இருக்கலாம். தரைவரை மிதித்தால் ரப்பர் வாஷர் அங்கே உரசிக் கிழியலாம். நேற்றுவரை நன்றாக இருந்த மாஸ்டர் சிலிண்டர் ‘ஏர் எடுத்த’ அன்றே கசிவது இப்படித்தான்.

மேனுவல் போலோவில் கிளட்சும் இதே கிண்ணத்திலிருந்துதான் ஆயில் எடுக்கிறது. மட்டத்தை இறங்க விட்டால் கிளட்சிலும் காற்று ஏறி, கியர் விழாது. எந்தச் சக்கரத்தில் தொடங்குவது என்பதற்கு உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகம் சொல்வதே சரி.

முன் பேடுகளை டிராக் வகைக்கு மாற்றுங்கள். காலையில் முதல் இரண்டு மிதிக்குப் பிடிக்காது, கிறீச்சிடும், ரிம் முழுக்கக் கறுப்புத் தூள் படியும். அதைச் சகித்துக்கொள்ள வேண்டியதுதான். பாதி தேய்ந்த பேடோடு டிராக்குக்குப் போகாதீர்கள். பேடின் கனம்தான் டிஸ்க்கின் சூடு பிஸ்டனுக்கும் ஆயிலுக்கும் போகாமல் தடுக்கும் சுவர். பின்னால் டிரம் இருப்பதைப் பற்றிக் கவலை வேண்டாம். முன்சக்கர இழுவைக் காரில் பிரேக் போட்டதும் எடை மூக்குக்குப் போய்விடுகிறது. பின்பக்கத்துக்கு வேலை குறைவு.

என்னுடையதும் அதே மாடல் போலோதான். வெளியில் வாங்கிய அலாய் வீல் மாட்டினேன். ஒரு டிராக் நாள் முடிந்து பார்த்தால் இரண்டு போல்ட் கையாலேயே சுற்றுகிறது. முறுக்கியது நான்தான், பலமாகத்தான் முறுக்கினேன்.
– சிங்காநல்லூர் வாசகர்

உங்கள் கைபலத்தில் குறையில்லை. கம்பெனி போல்ட்டைக் கழற்றி அதன் கழுத்தைப் பாருங்கள், பந்து மாதிரி உருண்டையாக இருக்கும். வெளி அலாய்களில் பெரும்பாலும் துளை 60 டிகிரிக் கூம்பு. உருண்டை கூம்பில் உட்கார்ந்தால் மெல்லிய வளையம் ஒன்றில்தான் தொடும். சூடேறி, அலுமினியம் நசுங்கி, இறுக்கம் போய்விடும். கூம்புக் கழுத்துள்ள எம்14, 1.5 மரை போல்ட் இருபது வாங்குங்கள். கையால் போட்டால் குறைந்தது ஏழு முழுச் சுற்று உள்ளே போக வேண்டும். ரிம்மின் நடுத்துளை 57.1 மில்லிமீட்டரை விடப் பெரிதாக இருந்தால் வளையம் போட்டு நிரப்புங்கள். உங்களுக்கு 100 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் ஸ்டீயரிங் நடுங்கினால் காரணம் அதுவாக இருக்கலாம். போல்ட்டுக்கு எண்ணெய் தடவாமல், முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் 120 நியூட்டன் மீட்டர். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் ஆறவிட்டுச் சரிபாருங்கள். நசுங்கிய துளையுள்ள ரிம் டிராக்குக்கு இனி ஆகாது.

பின்னால் பெரிய ஸ்பாய்லர் வைத்தால் வளைவில் பிடிப்பு கூடுமா?
– திருச்சி வாசகர்

டிக்கி மூடியில் இரண்டு ஸ்குரூவில் நிற்கும் ஸ்பாய்லர் என்றால், துணி காயப்போடலாம்.

1999 மாஸ்டா எம்.எக்ஸ்-5, 1.8. மலேசியாவின் சிப்பாங் ரேஸ் டிராக்கில் ஐந்து சுற்றுக்குள் கூலண்ட் பொங்கிவிட்டது. ஆனால் மீட்டர் முள் கடைசிவரை நடுவில்தான் நின்றது. குளிர்ந்த வகை தெர்மோஸ்டாட் போடலாமா?
– கிள்ளான் வாசகர்

அந்த முள்ளை நம்பாதீர்கள். ஓட்டுபவர் பதறக்கூடாது என்று, ஒரு பெரிய வெப்ப இடைவெளி முழுவதும் நடுவிலேயே நிற்கும்படி கம்பெனி அமைத்தது. அது நகரத் தொடங்கும்போது காலம் கடந்திருக்கும். பக்கத்தில் இருக்கும் ஆயில் அழுத்த முள்ளும் அப்படியே, அழுத்தம் உண்டா இல்லையா என்று மட்டும்தான் சொல்லும். முதல் செலவு, உண்மையான எண்ணைக் காட்டும் வெப்பமானியும் அதற்கான சென்சாரும்.

குளிர்ந்த தெர்மோஸ்டாட் உதவாது. ரேடியேட்டருக்குப் போகும் வழியை அது எப்போது திறக்கத் தொடங்கும் என்பதுதான் மாறும். முழுக்கத் திறந்த பிறகு ரேடியேட்டரின் சக்திதான் கணக்கு. ரேடியேட்டரின் மேல் பிளாஸ்டிக் தொட்டி என்ன நிறம்? புதிதில் கறுப்பு. பழுப்போ பச்சைகலந்த மண்நிறமோ ஆகியிருந்தால் பிளாஸ்டிக் மொறுமொறுத்துப்போய்விட்டது, எப்போது வேண்டுமானாலும் பிளக்கும். முழு அலுமினிய ரேடியேட்டர் போடுங்கள். மூடியையும் மாற்றுங்கள். மூடி 1 பார் அழுத்தத்தைப் பிடித்து வைத்தால் வெறும் தண்ணீரே 120 டிகிரி வரை கொதிக்காது. ஸ்பிரிங் தளர்ந்த மூடி அந்த இருபது டிகிரியைத் தின்றுவிடும்.

அடுத்து, காருக்குக் கீழே குனிந்து பாருங்கள். இஞ்சினுக்கு அடியில் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் தட்டு இருக்க வேண்டும். ஆயில் மாற்றும்போது கழற்றி, ‘தேவையில்லாத எடை’ என்று மூலையில் போட்ட ஆட்கள் நிறைய. மூக்கில் நுழையும் காற்றை ரேடியேட்டருக்குள் தள்ளுவதே அந்தத் தட்டுதான். அது இல்லையென்றால் காற்று சுலபமான வழியில் கீழே நழுவிவிடும். ரேடியேட்டரின் பக்கங்களிலும் மேலும் தெரியும் இடைவெளிகளை ஃபோம் பட்டை ஒட்டி அடைத்துவிடுங்கள். இந்த வேலைக்கு ஆகும் காசில் ஒரு வேளை பிரியாணிகூட வராது, பலன் அதிகம்.

இத்தனைக்குப் பிறகும் ஏறினால், தண்ணீர்ப் பாதையைத் திருப்பும் கிட்டைப் பற்றி யோசிக்கலாம். இந்த இஞ்சினில் கூலண்ட் முன்பக்கம் நுழைந்து முன்பக்கமே வெளியேறுகிறது. பின்னால் இருக்கும் நாலாவது சிலிண்டருக்கு ஓட்டம் குறைவு. கிட் அதைப் பின்வழியாக வெளியே எடுக்கும். 5.543 கிலோமீட்டர் சுற்று, இரண்டு நீண்ட நேர்பாதை, அந்தப் புழுக்கம் – சிப்பாங்கில் எந்தப் பழைய காரும் ஒரு வேகச் சுற்றுக்குப் பின் சூடு தணிய ஒரு மெதுவான சுற்று போவதே நல்லது.

ஸ்விஃப்டுக்கு முன் ஸ்பிரிங்கை ஒரு சுருள் வெட்டினால் கார் தாழ்ந்து டிராக்கில் ஒட்டிக்கொள்ளும் என்கிறார் தெரிந்த மெக்கானிக். ஆயிரம் ரூபாயில் முடிகிறது.
– பொள்ளாச்சி வாசகர்

தாழும், ஒட்டாது. வெட்டினால் ஸ்பிரிங் கொஞ்சம் கெட்டியாகும், ஆனால் அமுங்க இடம் அதைவிட வேகமாகக் குறையும். வளைவின் நடுவில் ஷாக் அப்சார்பர் ரப்பர் முட்டுக்கட்டையில் போய் இடிக்கும். அந்த நொடியில் அந்த மூலை இரும்புத்தடி மாதிரி ஆகி, முன் டயர் வழுக்கிக்கொண்டு வெளியே போகும். சக்கரம் தொங்கும்போது குட்டையான ஸ்பிரிங் தான் உட்காரும் தட்டை விட்டு விலகவும் செய்யும்.

அந்த ஆயிரத்தை அலைன்மென்ட்டில் போடுங்கள். முன் ஸ்ட்ரட்டை, அதாவது ஷாக் அப்சார்பர் தூணைப் பிடிக்கும் இரண்டு போல்ட்டில் மேலே உள்ளதற்குப் பதில் சக்கரத்தின் சாய்வை (கேம்பர்) மாற்றும் கேம்பர் போல்ட் போட்டால் ஒன்று முதல் ஒன்றரை டிகிரி உள்சாய்வு கிடைக்கும். மைனஸ் 2-ஐ ஒட்டி வந்தாலே டயரின் வெளி ஓரம் பிழைக்கும். கேம்பரைத் தொட்டால் டோ, அதாவது சக்கரத்தின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு மாறிவிடும், மறக்காதீர்கள். வீட்டிலேயே பார்க்கலாம்: காரின் இரு பக்கமும் சக்கர அச்சு உயரத்தில், இணையாக, இறுக்கமாக நூல் கட்டி, ரிம்மின் முன் விளிம்புக்கும் பின் விளிம்புக்கும் நூலிலிருந்து உள்ள தூரத்தை எஃகு ஸ்கேலில் அளங்கள். இரண்டும் சமமாக இருந்தால் டோ பூஜ்ஜியம், டிராக்குக்கு அதில் தொடங்கலாம்.

பிறகு ஒருநாள் ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் ஜோடியாக மாற்றும்போது, சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் கீழ்க்கையின் (லோயர் ஆர்ம்) போல்ட்டைச் சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்காதீர்கள். புஷ் ரப்பர் அந்த நிலையிலேயே பிடித்துக்கொள்ளும், காரை இறக்கியதும் முறுக்கிக்கொண்டு, சில மாதத்தில் கிழிந்துவிடும். காரை அதன் எடையில் நிற்கவைத்து இறுக்குங்கள். போர்ட்டிகோவில் டைல்ஸ் என்றால் காரைத் தாங்கும் ஸ்டாண்டுக்கு அடியில் 18 மில்லிமீட்டர் பிளைவுட் போடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள்.

இஞ்சின் கணினியின் அமைப்பை மாற்றி ரீமேப் செய்தால் எத்தனை நொடி குறையும்?
– வேளச்சேரி வாசகர்

முதல் சுற்றில் கொஞ்சம். மூன்றாவது சுற்றில் உள்ளே போகும் காற்று சூடாகி, கணினியே டர்போவின் பூஸ்ட்டையும் இக்னிஷனையும் பின்வாங்கிக்கொள்ளும். அம்பத்தூர் வாசகருக்குச் சொன்னதை முடித்துவிட்டு வாருங்கள்.

டயர் காற்று எவ்வளவு? ஒருவர் 24 என்கிறார், ஒருவர் 38 என்கிறார்.
– செங்கல்பட்டு வாசகர்

ஒருவர் குளிர்ந்ததையும் மற்றவர் சூடானதையும் சொல்லியிருப்பார். 1,100 கிலோ அளவுள்ள ஹேட்ச்பேக் என்றால் காலையில் நிழலில் 28 பி.எஸ்.ஐ. வைத்துத் தொடங்குங்கள். ஐந்தாறு டிகிரி சூட்டுக்கு ஒரு பி.எஸ்.ஐ. ஏறும், டிராக் ஓரத்தில் கார் நிறுத்தும் பிட்டுக்கு வந்ததும் 34–36 காட்ட வேண்டும். வந்த ஒரு நிமிடத்துக்குள் அளங்கள், தேநீர் குடித்துவிட்டு வந்தால் அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை. டயரின் தோளில் வெள்ளை ஷூ பாலிஷால் ஒரு கோடு போடுங்கள். பக்கச் சுவர்வரை கோடு அழிந்திருந்தால் காற்று குறைவு. தோளில் உள்ள சின்ன முக்கோணத்தைத் தொடாமலே நின்றால் அதிகம்.

எம்.எக்ஸ்-5-இல் கம்பெனி சீட்டோடு நாலுமுனை பெல்ட் போடலாமா?
– லண்டன் ஹாரோ வாசகி

இப்போது வேண்டாம். திறந்த கார், கவிழ்ந்தால் தலையைக் காக்கும் ரோல் பார் முதலில் வேண்டும். ஹெல்மெட்டோடு உட்கார்ந்து, கண்ணாடிச் சட்டத்தின் மேல்விளிம்பிலிருந்து ரோல் பாரின் உச்சிக்கு ஒரு துடைப்பக்கட்டையை வையுங்கள். ஹெல்மெட் அதற்கு 5 சென்டிமீட்டராவது கீழே இருக்க வேண்டும். இடித்தால் பழைய சீட்டின் அடி ஃபோமைக் கொஞ்சம் செதுக்கலாம். நாலுமுனை பெல்ட்டில் மோதும்போது இடுப்புப் பட்டை வயிற்றுக்கு ஏறி, உடல் அதன் அடியில் நழுவும். அதைத் தடுக்கும் கவட்டுப் பட்டைக்குத் துளையுள்ள பக்கெட் சீட்டும், தோள்பட்டைகளைச் சரியான உயரத்தில் கட்டக் குறுக்குக் கம்பியும் வந்த பிறகு ஆறுமுனைக்குப் போங்கள். அதுவரை கம்பெனி மூன்றுமுனை பெல்ட்டே மேல்.

டிராக்கில் இடித்தால் இன்ஷூரன்ஸ் வருமா?
– ஆவடி வாசகர்

பாலிசியின் ‘பயன்பாட்டு வரம்பு’ பத்தியைப் படியுங்கள். இந்தியாவில் வழக்கமான கார் பாலிசிகள் பந்தயத்தையும் வேகச் சோதனையையும் பெயர் சொல்லி விலக்குகின்றன. சுவரில் மோதினால் உங்கள் காசு.

கடைசி ஓட்டம் முடிந்து வீட்டுக்குக் கிளம்பும் முன் என்ன பார்ப்பது?
– தாம்பரம் வாசகர்

ஒரு சுற்று பிரேக்கைத் தொடாமல் மெதுவாக வாருங்கள். பிட்டில் ஹேண்ட் பிரேக்கை இழுக்காமல், கியரில் விட்டு சக்கரத்துக்குக் கல் முட்டுக்கொடுங்கள். கொதிக்கும் டிரம்மில் லைனிங் ஒட்டிக்கொள்ளும். பேடின் கனத்தைப் பாருங்கள், ஆயில் குச்சியை எடுத்துப் பாருங்கள். சூட்டில் டயர் காற்றை இறக்கியிருப்பீர்கள், ஆறியதும் அது 26 பி.எஸ்.ஐ.க்குக் கீழே போயிருக்கும். பெட்ரோல் பங்க்கில் நிறுத்தி, கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அளவுக்கு நிரப்பிவிட்டு நெடுஞ்சாலையில் ஏறுங்கள்.