நகையை அடகு வைக்கும் முன்: வீட்டிலிருந்து போட்டோ தொழில் தொடங்க நினைக்கும் ஒரு தாய்க்கு

அன்புள்ள சகோதரிக்கு,

ஐந்து பவுன் நகையை அடகு வைத்துக் கேமரா வாங்கி, வீட்டிலிருந்தே போட்டோ தொழில் தொடங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். நேரடியான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். தொழிலைத் தொடங்குங்கள். ஐந்து பவுனை அடகு வைத்துக் கேமரா வாங்குவதை மட்டும் இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள்.

நீங்கள் அனுப்பிய படங்களைப் பார்த்தேன். மாமியார் பூக்கட்டும் படம் செல்போனில் எடுத்தது என்றாலும், விரல்களில் வெளிச்சம் விழும் நொடிக்காகக் காத்திருந்து எடுத்திருக்கிறீர்கள். அந்தப் பொறுமை கடையில் வாங்கக் கிடைக்காது. திறமை பற்றி எனக்குக் கவலையில்லை. நேரம் பற்றித்தான் கவலை. பெரியவன் இரண்டாம் வகுப்பு. சின்னவள் காலை ஒன்பதரைக்குப் பள்ளிக்குப் போய்ப் பன்னிரண்டரைக்கு வந்துவிடுகிறாள். கணவருக்குக் கப்பலூரில் ஷிப்ட் வேலை. யாரையும் எதிர்பார்க்காமல் உங்கள் கையில் இருப்பது காலையில் மூன்று மணி நேரம். என்ன மாதிரி போட்டோ எடுக்கப் போகிறீர்கள் என்பதை அந்த மூன்று மணி நேரத்தை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். கேமரா வாங்குவதெல்லாம் அதற்கு அப்புறம்.

கல்யாண போட்டோதான் பெரிய வருமானம் என்று உறவினர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். வருமானம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் நம் ஊரில் கல்யாண வேலை என்றால் முந்தின நாள் சாயங்காலமே மண்டபத்தில் இருக்க வேண்டும். ராத்திரி ரிசப்ஷன் முடிய பத்து, பதினொன்று ஆகும். விடியற்காலை முகூர்த்தத்துக்கு மறுபடி நிற்க வேண்டும். இரண்டு கேமரா, ஓர் உதவியாளர், வீடியோவுக்குத் தனி ஆள் என்று செலவும் சேரும். அப்புறம் ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தமே கிடையாது. அடகுக் கடை வட்டிக்கு அந்த விடுமுறை இல்லை. பிள்ளைகள் கொஞ்சம் வளர்ந்த பிறகு அந்தப் பக்கம் போகலாம். இப்போது வேண்டாம்.

உங்கள் மூன்று மணி நேரத்துக்குள் அடங்கும் வேலை, பொருட்களைப் போட்டோ எடுத்துக் கொடுப்பது. மதுரையில் வீட்டிலிருந்தே வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் சேலை, கவரிங் நகை, கேக், பொடி வகைகள் விற்கும் பெண்கள் எத்தனையோ பேர். பெரும்பாலானவர்கள் கட்டிலில் சேலையை விரித்து, டியூப் லைட் வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். அரக்குச் சிவப்பு படத்தில் ஆரஞ்சாகத் தெரியும். வாங்கியவர் ‘நான் பார்த்த நிறம் இது இல்லை’ என்று சேலையைத் திருப்பி அனுப்புவார். விற்பவருக்கு அது நேரடி நஷ்டம். நிறத்தைச் சரியாகக் காட்டித் தரும் ஒருவருக்கு அவர்கள் காசு கொடுப்பார்கள்.

சுங்குடியையே எடுத்துக்கொள்ளுங்கள். நூலால் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றும்போது உண்டாகும் அந்தச் சின்னச் சின்னப் புள்ளிகள்தான் அதன் அழகு. நேர் எதிரிலிருந்து பிளாஷ் போட்டால் துணி தட்டையாகிவிடும், புள்ளிகள் எடுபடாது. பக்கவாட்டில் சன்னல் வெளிச்சம், எதிர்ப்புறம் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டை, அவ்வளவுதான். அறையில் எரியும் மற்ற விளக்குகளை எல்லாம் அணைத்துவிடுங்கள். சன்னல் வெளிச்சமும் டியூப் லைட்டும் கலந்தால் எந்த எடிட்டிங்கும் நிறத்தைச் சரி செய்யாது. ஒவ்வொரு வரிசைக்கும் முன்னால் ஒரு வெள்ளைத்தாளை வைத்து வொயிட் பேலன்ஸ் (வெள்ளை வெள்ளையாகவே தெரியும்படி கேமராவில் நிறத்தைச் சரி செய்வது) செட் பண்ணிக்கொள்ளுங்கள்.

சன்னல் என்றதும் இன்னொன்று. யூடியூப் பாடங்களில் ‘வடக்குப் பார்த்த சன்னலில் நேர் வெயில் விழாது’ என்று சொல்வார்கள். அது நமக்கு மேலே, தூர வடக்கில் இருக்கும் ஊர்களுக்குச் சரி. மதுரை ஏறக்குறைய 10 பாகை அட்சரேகையில் இருக்கிறது. சித்திரையிலிருந்து ஆவணி முற்பாதி வரை உச்சி வேளையில்கூடச் சூரியன் நமக்கு வடக்கே சாய்ந்துதான் இருக்கும். அந்த மாதங்களில் காலை வெயில் வடக்குச் சன்னலுக்குள்ளும் சரிந்து வரும். பழைய ஒற்றை வேட்டியைச் சன்னலில் கட்டிவிடுங்கள். வெளிச்சத்தை மென்மையாக்க ஆயிரக்கணக்கில் விலை சொல்லும் சாப்ட்பாக்ஸ் செய்யும் வேலையை அது அழகாகச் செய்யும்.

உங்கள் வீடு திருநகரில் என்பது இன்னொரு வசதி. விளாச்சேரி பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே மண்பொம்மை செய்யும் குடும்பங்கள் நவராத்திரிக்குக் கொலு பொம்மையும், கிறிஸ்துமஸுக்குக் குடில் பொம்மையும் செய்கிறார்கள். இரண்டு மூன்று வீடுகளில் போய்ப் பேசிப் பாருங்கள். முதல் செட்டை இலவசமாக எடுத்துக் கொடுத்தால்கூடத் தப்பில்லை. ஆனால் அது ஒரே ஒரு முறைதான், ‘அடுத்த முறை இந்த ரேட்’ என்று அப்போதே சொல்லிவிடுங்கள். இப்போது வைகாசி. ஆடித் தள்ளுபடி, நவராத்திரி, தீபாவளி, கிறிஸ்துமஸ் என்று வரிசையாக விற்பனைக் காலம் வருகிறது. கல்யாண போட்டோகிராபர்கள் சும்மா இருக்கும் ஆடியில் உங்களுக்கு வேலை இருக்கும்.

இரண்டாவதாக, வளைகாப்பும் குழந்தை போட்டோவும். வளைகாப்பு பகலில் நடப்பது, கூடியிருப்பவர்களும் பெரும்பாலும் பெண்கள். ஒரு பெண் வந்து படம் எடுத்தால் கர்ப்பிணியும் கூச்சமில்லாமல் இருப்பார். பெண்பிள்ளை வயதுக்கு வந்த சடங்கு வீட்டுக்கும் இதே காரணத்துக்காகக் கூப்பிடுவார்கள். அந்தப் பிள்ளையின் படத்தை உங்கள் விளம்பரத்துக்கு ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள், பெற்றோரே சரி என்றாலும் வேண்டாம். இதில் நான் கண்டிப்பாகச் சொல்கிறேன்.

பச்சைக்குழந்தைக்கு வெளிநாட்டுப் படங்களைப் பார்த்து முதல் இரண்டு வாரத்துக்குள் எடுக்க வேண்டும் என்று நினைக்காதீர்கள். நம் வீடுகளில் அந்த நாட்களில் வெளி ஆளை உள்ளே விடமாட்டார்கள், அது நியாயமும்கூட. முப்பது கழிந்து, தாய் தேறிய பிறகு, தாய்வீட்டிலேயே போய் எடுங்கள். பாட்டி மடியில், தூளியில், கன்னத்தில் திருஷ்டிப் பொட்டோடு எடுங்கள். கூடைக்குள் மடக்கி வைப்பது, கையில் தலையைத் தாங்க வைப்பது போன்ற போஸ்கள் பயிற்சி இல்லாமல் ஆபத்து. குழந்தையின் கழுத்து நிற்காத வயதில் ஒரு பெரியவர் கை எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும்.

கோயிலில் எடுத்துத் தருகிறேன் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். மீனாட்சியம்மன் கோயிலில் செல்போனுக்கே தடை. 2022 டிசம்பரில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை தமிழகக் கோயில்கள் அனைத்திலும் செல்போனுக்குத் தடை விதிக்கச் சொன்னது. மொட்டை, காதுகுத்து என்றால் அந்தந்தக் கோயில் அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள்.

சரி, கேமராவுக்கு வருவோம். முதல் சில ஆர்டர்களுக்கு வாடகைக்கு எடுங்கள். கை பழகி, ஆர்டர் நிலையாக வரத் தொடங்கிய பிறகு செகண்ட்ஹேண்டில் ஓர் ஆரம்பநிலை கேமராவும் 50 எம்எம் லென்ஸும் போதும். பழைய டிஎஸ்எல்ஆர் கேமரா வாங்கினால் ஷட்டர் கவுன்ட், அதாவது இதுவரை எத்தனை கிளிக் ஓடியிருக்கிறது என்று கேளுங்கள். அந்த வகைக் கேமராக்களின் ஷட்டர் சுமார் 1 லட்சம் கிளிக் தாங்கும் என்று கணக்கு; 80,000 ஓடியதை வாங்காதீர்கள். மிச்சம் பிடித்த காசில் முதலில் ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள். எடுத்த படம் இரண்டு இடத்தில் ஏறும் வரை மெமரி கார்டை அழிக்கக் கூடாது.

ரேட் விஷயத்தில்தான் வீட்டிலிருக்கும் பெண்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். பத்துச் சேலைக்கு, சேலைக்கு 100 ரூபாய் என்று ஒப்புக்கொள்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இஸ்திரி போட்டு மடிப்பு வைக்க ஒரு மணி நேரம், எடுக்க இரண்டு, தேர்ந்தெடுத்து நிறம் சரி செய்ய மூன்று, திருத்தம் கேட்டால் இன்னும் ஒன்று. ஏழு மணி நேரம். 1,000 ரூபாயில் கேமரா வாடகை 600 போனால் மணிக்கு 57 ரூபாய்தான் நிற்கும். ‘வீட்டில் சும்மாதானே இருக்கிறாய்’ என்று ரேட்டைக் குறைக்கச் சொல்பவர்கள், முக்கியமாகச் சொந்தக்காரர்கள், வருவார்கள். எத்தனை படம், எந்தத் தேதிக்குள், எத்தனை திருத்தம், எவ்வளவு அட்வான்ஸ் என்று வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பி, அவர்கள் சரி என்று பதில் போட்ட பிறகே வேலையைத் தொடங்குங்கள்.

அந்த எழுத்தில் இன்னொரு வரியும் வேண்டும். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, ஒருவர் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், அவரே முதல் உரிமையாளர். எடுத்தவர் நீங்கள் என்பதற்காக உங்கள் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் போட்டுக்கொள்ள முடியாது. ‘இன்னின்ன படங்களை என் வேலைக்கு மாதிரியாகக் காட்ட அனுமதிக்கிறேன்’ என்று எழுதி வாங்குங்கள்.

கடன் பற்றிக் கேட்டிருந்தீர்கள். உங்கள் தேவைக்கு, சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் முத்ரா கடன் திட்டத்தில் சிசு பிரிவே போதும், அதில் 50,000 ரூபாய் வரை கிடைக்கும். பின்னால் ஸ்டூடியோ வைக்கும் எண்ணம் இருந்தால் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம் இருக்கிறது. பெண்களுக்கு நகரத்தில் 25 சதவீதமும் கிராமத்தில் 35 சதவீதமும் மானியம். திருநகர் மாநகராட்சிக்குள் வருவதால் உங்களுக்கு 25. மானியம் கையில் காசாக வராது. வங்கியில் 3 ஆண்டு வைப்பாக இருந்து பிறகுதான் கடனில் கழியும். அதோடு, புதிய தொழிலுக்கு மட்டுமே அந்தத் திட்டம். அதனால், ஏற்கெனவே நடக்கும் தொழில் என்று கணக்காகிவிடாமல் இருக்க, அவசரப்பட்டு உத்யம் (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) பதிவு செய்யும் முன் மாவட்டத் தொழில் மையத்தில் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். உத்யம் பதிவு இலவசம், ஆன்லைனில் நீங்களே செய்யலாம். யாராவது கட்டணம் கேட்டால் கொடுக்காதீர்கள். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாதவரை ஜிஎஸ்டி பதிவு தேவைப்படாது.

மாமியாரிடம் வாரத்தில் ஒரு மதியம் மட்டும் சின்னவளைப் பார்த்துக்கொள்ளக் கேளுங்கள், எடிட்டிங் அன்றைக்கு. ராத்திரி பிள்ளைகள் தூங்கிய பிறகு எடிட் பண்ணலாம் என்ற திட்டம் ஒரு மாதம்கூடத் தாங்காது. ஆர்டர், வரவு, செலவு, செலவான நேரம் நான்கையும் ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். தீபாவளி முடிந்ததும் அந்த நோட்டோடு என்னை வந்து பாருங்கள், கேமரா வாங்குவதா, கடன் போடுவதா என்று அந்தக் கணக்கை வைத்துப் பேசுவோம்.