பழைய வீட்டு மராமத்து: எஸ்டிமேட் பற்றிய கேள்வி பதில்

கேள்வி (மதுரை): சார், 1996-ல கட்டின 900 சதுர அடி வீடு. கையில 8 லட்சம் இருக்கு. மேஸ்திரி எல்லாம் சேர்த்து சதுர அடிக்கு 900 ரூபாய்னு பேசுறார். ஒத்துக்கலாமா?

பதில்: வேண்டாம். சதுர அடிக் கணக்கு புது வீட்டுக்குத்தான் ஓரளவு பொருந்தும். மராமத்தில் ஒரு ரூமுக்கு வெறும் பெயின்ட் போதும், பக்கத்து ரூமில் பூச்சையே உரிக்க வேண்டியிருக்கும். அளவெடுத்து, வேலை வேலையாகப் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள்: டைல்ஸ் உடைப்பு எத்தனை சதுர அடி, பூச்சு எத்தனை சதுர அடி, பைப் எத்தனை அடி, லைட் பாயின்ட் எத்தனை. ஒவ்வொன்றுக்கும் தனி ரேட் இருந்தால்தான், நடுவில் ஒரு வேலையை விட்டுவிட்டால் பணமும் குறையும்.

8 லட்சம் இருந்தால் 6.5 லட்சத்துக்கு மட்டும் வேலை பேசுங்கள். இந்த வயது வீட்டில் சுவரைக் கொத்திய பிறகு தெரியவரும் செலவுகளுக்குத்தான் மீதி. அதை மாடுலர் கிச்சனில் போட்டுவிடாதீர்கள்.

கேள்வி (தஞ்சாவூர்): ஹால் சீலிங்கில் காரை பெயர்ந்து கம்பி தெரிகிறது. பூசி பெயின்ட் அடிக்க எவ்வளவு ஒதுக்கலாம்?

பதில்: பூச்சுக்கு ஒரு ரூபாய்கூட ஒதுக்காதீர்கள், திரும்ப விழும். மேலிருந்து இறங்கும் ஈரத்தில் கம்பி துருப்பிடித்து உப்புகிறது, அந்த அழுத்தத்தில் காங்கிரீட் பிளந்து விழுகிறது. அதனால் முதல் செலவு மொட்டை மாடிக்கு. தண்ணீர் தேங்குகிறதா, 100 அடிக்கு 1 அடி வாட்டமாவது இருக்கிறதா, கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலை வெடித்திருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் அந்த மூலைதான்.

பிறகு கீழே சீலிங் முழுவதையும் சின்னச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். பொள்ளல் சத்தம் வரும் இடத்தையெல்லாம் சாக்பீஸால் வட்டமிட்டு அளந்தால், கண்ணுக்குத் தெரிந்த ஓட்டையைவிடப் பல மடங்கு வரும். எஸ்டிமேட் அந்த அளவுக்குத்தான். கம்பியின் பின்பக்கம் வரை கொத்தி, வயர் பிரஷ்ஷால் துருவை நீக்கி, துருத்தடுப்புப் பூச்சு அடித்து, பாலிமர் கலந்த கலவையால் அடைக்க வேண்டும். கம்பி கால்பங்குக்கு மேல் தேய்ந்திருந்தால் மேஸ்திரி முடிவு செய்கிற விஷயமில்லை. ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரின் ஃபீஸையும் கணக்கில் சேருங்கள்.

கேள்வி (கோவை): 12-க்கு 10 ரூமுக்கு 2-க்கு 2 டைல்ஸ் எத்தனை பாக்ஸ் வாங்கணும்?

பதில்: தரை 120 சதுர அடி. ஸ்கர்ட்டிங்கை, அதாவது சுவரின் அடியில் ஓட்டும் டைல்ஸ் பட்டையை, பலர் மறந்துவிடுகிறார்கள்: சுற்றளவு 44 அடியில் வாசல் 3 அடி போக 41, நாலு அங்குல உயரத்துக்குச் சுமார் 14 சதுர அடி. மொத்தம் 134. வேஸ்ட்டுக்கு 8% சேர்த்தால் 145. நாலு டைல்ஸ் உள்ள பாக்ஸ் 15.5 சதுர அடி வரும், ஆகவே 10 பாக்ஸ். எல்லாப் பாக்ஸிலும் பேட்ச் எண்ணும் ஷேடும் ஒன்றாக இருக்கட்டும். பிறகு ஒரு பாக்ஸ் குறைந்தால் அதே ஷேடு கிடைக்காது.

கேள்வி (சேலம்): அண்ணா, பழைய டைல்ஸ் மேலேயே புதுசு ஒட்டினா உடைப்புக் கூலி மிச்சம்தானே?

பதில்: பழையது தட்டினால் கெட்டியாகச் சத்தம் வந்தால் ஒட்டலாம். சிமென்ட் பாலில் அல்ல, டைல் அட்ஹெசிவில். 20 கிலோ மூட்டை சுமார் 40 சதுர அடிக்கு வரும். தரை அரை அங்குலத்துக்கு மேல் உயரும், எல்லாக் கதவுகளின் அடிப்பக்கத்தையும் சீவ வேண்டும். அந்தக் கூலியையும் சேர்த்துப் பாருங்கள். பாத்ரூமில் மட்டும் வேண்டாம், அடியில் இருக்கும் கசிவு அப்படியே மூடிப்போகும்.

கேள்வி (திருச்சி): 7-க்கு 5 பாத்ரூமுக்கு டைல்ஸ், ஃபிட்டிங்ஸ் மட்டும் கணக்குப் போட்டேன். வேற என்ன வரும்?

பதில்: பாதிச் செலவை விட்டிருக்கிறீர்கள். உடைப்பு, இடிபாடு அள்ளும் வண்டி, புதைபைப், நஹானி ட்ராப் (தரைத் தண்ணீர் வெளியேறும் வடிகால்), வாட்டர்புரூஃபிங், கதவு, எக்ஸாஸ்ட் ஃபேன். ஏழடி உயரம் வரை சுவர் டைல்ஸ், கதவு போக, சுமார் 150 சதுர அடி, தரை 35. வேஸ்ட் சேர்த்து 205 பிடியுங்கள். சுவரை மூடும் முன் பைப்புக்கு பிரஷர் டெஸ்ட், டைல்ஸுக்கு முன் தரையில் 48 மணி நேரம் தண்ணீர் கட்டும் சோதனை. இரண்டையும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள், இல்லாவிட்டால் செய்ய மாட்டார்கள்.

கேள்வி (சென்னை): பணம் பத்தலை. வயரிங்கை அடுத்த வருஷம் பார்த்துக்கலாமா?

பதில்: பெயின்ட்டைத் தள்ளுங்கள், வயரிங்கை அல்ல. பிறகு செய்தால் பெயின்ட் அடித்த சுவரையே கொத்த வேண்டும். லைட்டுக்கு 1.5, பவர் பிளக்குக்கு 2.5, ஏசிக்கு 4 சதுர மில்லிமீட்டர் வயர், மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. ஏசி இப்போது வாங்காவிட்டாலும் அதற்கான பைப்பைப் புதைத்துவிடுங்கள்.

கேள்வி (ஈரோடு): போன வருஷம் ஜூன்ல, 2025-ல, வாங்கின எஸ்டிமேட்டை அப்படியே வைத்துக்கொள்ளலாமா?

பதில்: கூலியைப் புதிதாகக் கேளுங்கள். சிமென்ட் ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28%-லிருந்து 18% ஆகிவிட்டது, பழைய ரேட்டில் அந்த 28% வரி இருக்கும்.

கேள்வி (நாகர்கோவில்): அட்வான்ஸ் பாதி கேட்கிறார்கள்.

பதில்: பத்து சதவீதம் போதும். மெட்டீரியலை நீங்களே வாங்கினால் அதுகூட அதிகம். உடைப்பு முடிந்ததும் ஒரு பங்கு, பைப்பும் வயரிங்கும் சோதித்ததும் ஒன்று, டைல்ஸ் முடிந்ததும் ஒன்று என்று கொடுங்கள். மாடி வேலைக்கான தொகையில் கொஞ்சத்தை ஐப்பசி மழை முடியும் வரை நிறுத்தி வைப்பதாக முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.